நோட்டீஸ் வந்தால் பயம் வேண்டாம், கெடு தேதியைப் பாருங்க



கிணத்துக்கடவு வட்டாரத்தில் நம் குழுக்கள் தொழிலில் நல்லா வளர்ந்திருக்கு. ஒரு குழு மசாலாப் பொடி அரைக்கிறது, இன்னொரு குழு தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறது. ஊறுகாய், சத்துமாவு, முறுக்கு என்று வீட்டில் செய்ததைப் பாக்கெட் போட்டுப் பொள்ளாச்சி ரோட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பொன்மலைக் கோவில் விசேஷ நாளில் கடை போடுகிறோம். பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்த அன்றைக்கே நாம் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர் ஆகிவிடுகிறோம். பெரிய கம்பெனிக்கு உள்ள சட்டம் நமக்கும் உண்டு.

ஒருநாள் அதிகாரிகள் கடையில் சோதனை போடுகிறார்கள். நம் பாக்கெட்டில் தேதி இல்லை, எடை குறைவு, தராசில் முத்திரை இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். சில நாளில் தபாலில் நோட்டீஸ் வருகிறது. அதைப் பார்த்ததும் பலர் என்ன செய்கிறோம்? வீட்டில் தெரிந்தால் தொழிலே வேண்டாம் என்பார்களே என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அல்லது, "ஏனுங்க, கையில ஏதாவது கொடுத்து முடிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்கிறோம். இந்த இரண்டுமே நம்மைப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

இப்படிப்பட்ட சிறு வழக்குகளைக் கோர்ட்டுக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழி எது, எத்தனை நாளுக்குள், எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

முதலில், எந்த அலுவலகத்து நோட்டீஸ்?

நம் தொழிலுக்கு முக்கியமாக இரண்டு துறைகளிலிருந்து நோட்டீஸ் வரும்.

ஒன்று, தொழிலாளர் துறை. தமிழ்நாட்டில் எடை, அளவு, தராசு முத்திரை, பாக்கெட் மேல் அச்சிடும் விவரங்கள் எல்லாம் இந்தத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. முத்திரை ஆய்வாளர், தொழிலாளர் துணை ஆய்வாளர், உதவி ஆய்வாளர் போன்றவர்கள் சோதனைக்கு வருவார்கள். சட்டத்தின் பெயர் சட்டமுறை எடையளவு சட்டம், 2009. இது 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் கீழ் 2011-ல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளும் உண்டு.

இரண்டு, உணவுப் பாதுகாப்புத் துறை. தின்னும் பொருள் எதைச் செய்தாலும் இவர்கள் வருவார்கள். சட்டம் 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர், அவருக்கு மேல் மாவட்டத்தில் நியமன அலுவலர் இருப்பார்.

இந்த இரண்டு சட்டத்திலும் தீர்வு காணும் முறை வேறு வேறு. அதனால் நோட்டீஸ் வந்ததும் முதலில் மேலே எந்தத் துறை என்று பாருங்க.

நோட்டீஸில் ஐந்து விஷயம் தேடுங்க

1. நோட்டீஸின் தேதி, அது நம் கைக்கு வந்த தேதி. தபால் உறையைக் கிழித்துப் போடாதீங்க. உறையில் உள்ள தபால் முத்திரைதான் நமக்குச் சாட்சி.
2. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. பிரிவு எண்தான் வழக்கின் உயிர். அதை வைத்துத்தான் அபராதமா, சமாதானமாகத் தீர்க்க முடியுமா என்று தெரியும்.
3. என்ன தவறு, எந்தப் பொருளில், எந்தத் தேதியில், எங்கே பிடித்தது.
4. யார் பேரில் நோட்டீஸ். குழுவின் பேரிலா, ஊக்குநர் பேரிலா, கடைக்காரர் பேரிலா.
5. எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், யாருக்கு.

ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் குழு நோட்டில் ஒட்டுங்க. கெடு தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்க. பதிலே தராமல் விட்டால் நம் பக்கத்து நியாயம் யாருக்கும் தெரியாமலே முடிவு எழுதிவிடுவார்கள்.

எடையளவு வழக்கு: இணக்கக் கட்டணம்

எடையளவு சட்டத்தில் 48-வது பிரிவு ஒன்று இருக்கிறது. அபராதத்துக்குரிய பல தவறுகளைக் கோர்ட்டில் வழக்குப் போடும் முன்போ, போட்ட பிறகோ, அரசுக்கு ஒரு தொகை கட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. அலுவலகத்தில் இதை இணக்கக் கட்டணம் என்பார்கள். பேச்சில் 'காம்பவுண்டிங்' என்பார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். தவறை ஒப்புக்கொண்டு, அதிகாரம் பெற்ற அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, குறித்த தொகையைக் கட்டினால் அந்தத் தவறு குறித்து மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது.

அதிகாரி இஷ்டத்துக்குத் தொகை சொல்ல முடியாது. அந்தப் பிரிவில் உள்ள அதிகபட்ச அபராதத்தை இணக்கக் கட்டணம் தாண்டக் கூடாது என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. உதாரணமாக, 2009-ல் சட்டம் இயற்றியபோது 36-வது பிரிவு இப்படி இருந்தது. பாக்கெட்டில் இருக்க வேண்டிய விவரம் இல்லாமல் விற்றால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாம் தடவை 50,000 வரை. எடையே குறைவாக இருந்தால் முதல் தடவையே 10,000-க்குக் குறையாமல் 50,000 வரை. மறுமுத்திரை போடாத தராசை உபயோகித்தால் 33-வது பிரிவில் 2,000 முதல் 10,000 வரை. தொகைகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்திய சட்டங்களில் சிறு குற்றங்களுக்கான தண்டனைகளை மாற்றியது. அதனால் பணம் கட்டும் முன், "இந்தப் பிரிவில் இன்றைக்கு உள்ள அதிகபட்சத் தொகை எவ்வளவுங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்க. அப்படிக் கேட்பது நம் உரிமை.

மூன்று வருடக் கணக்கை மறக்காதீங்க

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இணக்கக் கட்டணம் கட்டித் தீர்த்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதே தவறையோ, அதைப் போன்ற தவறையோ மறுபடி செய்தால், 48-வது பிரிவின் சலுகை கிடையாது. அப்போது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவும் இரண்டாம் தவறு என்ற கணக்கில் போகும். மூன்று வருடம் முடிந்த பிறகு வந்தால் அது மறுபடி முதல் தவறாகக் கணக்காகும்.

இதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். ஒரு குழு சாம்பார்ப் பொடி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் தயாரித்த மாதம் இல்லை என்று நோட்டீஸ். ஐயாயிரமோ ஆறாயிரமோ கட்டித் தீர்த்துவிட்டார்கள். "விட்டதடா சாமி" என்று பழைய கவரையே தீர்ந்து போகும்வரை உபயோகித்தார்கள். எட்டு மாதத்தில் இன்னொரு கடையில் அதே கவர் சிக்கியது. இப்போது வழக்கு கோர்ட்டுக்குப் போகும். அச்சடித்து மிச்சமிருந்த ஆயிரம் கவரின் விலை எவ்வளவு? கோர்ட்டுக்கு அலையும் நாட்களின் கூலி எவ்வளவு? கூட்டிப் பாருங்க.

அதனால் பணம் கட்டும் அன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்க. பழைய கவரை எல்லாம் எடுத்துக் கிழித்துப் போடுங்க. கடைகளில் கொடுத்து வைத்த சரக்கைத் திருப்பி வாங்குங்க. கட்டிய தேதியையும் அதிலிருந்து மூன்று வருடம் முடியும் தேதியையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்க. ஊக்குநர், பிரதிநிதி மாறினாலும் அடுத்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

உண்மையிலேயே தவறு நம்முடையது இல்லை என்றால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். நம் பாக்கெட்டைக் கடைக்காரர் பிரித்து வேறு விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். நாம் செய்யாத தவறுக்குச் சின்னத் தொகைதானே என்று கட்டினால் மூன்று வருடச் சலுகை வீணாகிவிடும். அதற்குப் பதில் நம் பில், நம் கவர் மாதிரி, சரக்குக் கொடுத்த தேதி எல்லாம் வைத்து விளக்கம் எழுதுங்க. கீழ் அதிகாரியின் உத்தரவு சரியில்லை என்று பட்டால் 50-வது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. அதற்கு 60 நாள் கெடு.

உணவுப் பாதுகாப்பு: எந்தப் படியில் நிற்கிறோம்?

உணவுப் பாதுகாப்பு நோட்டீஸ் ஒரே மாதிரி இருக்காது. நாலு படிகள் உண்டு. எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் படி, குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ். சட்டத்தின் 32-வது பிரிவு. சமையல் கூடத்தில் வலை இல்லை, தண்ணீர்ப் பரிசோதனை இல்லை, தலைக்கு உறை போடவில்லை என்பது போன்றவை. சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். இந்தப் படியில் அபராதமே இல்லை. சொன்னதைச் செய்து, போட்டோ எடுத்து, "சரிசெய்துவிட்டோம்" என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினால் அத்தோடு முடிந்தது. செய்யாமல் விட்டால்தான் பதிவை நிறுத்தி வைப்பார்கள், பிறகு ரத்து வரை போகும்.

இரண்டாம் படி, 69-வது பிரிவு. இது நம்மைப் போன்றவர்களுக்கென்றே வைத்த பிரிவு. தானே செய்து தானே விற்கும் சிறு உற்பத்தியாளர், சில்லறை வியாபாரி, தலைச்சுமைக்காரர், தள்ளுவண்டிக்காரர், தற்காலிகக் கடை போட்டவர் இவர்களிடம் ஒரு தொகை பெற்று வழக்கைத் தீர்த்துக்கொள்ள நியமன அலுவலருக்கு ஆணையர் அதிகாரம் தரலாம். தொகை ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. சிறைத் தண்டனை உள்ள குற்றம் எதையும் இப்படித் தீர்க்க முடியாது. கட்டிவிட்டால் மேல் நடவடிக்கை இல்லை. பெரிய வழக்காக எழுதும் முன்பே, "69-வது பிரிவில் தீர்த்துக்கொள்ள எங்களுக்கு வாய்ப்பு உண்டுங்களா?" என்று எழுத்தில் கேளுங்க. நாம் கேட்காவிட்டால் இந்தப் பேச்சே வராமல் போகலாம்.

மூன்றாம் படி, தீர்ப்பு வழங்கும் அதிகாரி முன் விசாரணை. 68-வது பிரிவு. தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ., இந்த விசாரணையை நடத்துகிறார். இது கிரிமினல் கோர்ட் இல்லை. கூண்டில் ஏற்ற மாட்டார்கள். தரம் குறைந்த உணவு என்றால் 5 லட்சம் வரை, லேபிள் தவறு என்றால் 3 லட்சம் வரை, சுகாதாரமில்லாத இடத்தில் தயாரித்தால் 1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம் என்று 2006 சட்டம் சொல்கிறது.

தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது உச்ச வரம்பு. எவ்வளவு விதிப்பது என்று முடிவு செய்யும்போது 49-வது பிரிவில் உள்ளதை அதிகாரி பார்த்தே ஆக வேண்டும். அந்தத் தவறால் நமக்கு எவ்வளவு லாபம் கிடைத்தது, யாருக்காவது நஷ்டமோ கெடுதலோ வந்ததா, திரும்பத் திரும்பச் செய்கிறோமா, தெரிந்து செய்தோமா தெரியாமல் செய்தோமா என்பவைதான் அவை. விசாரணைக்குப் போகும்போது இந்த நாலுக்கும் பதில் எழுதிக்கொண்டு போங்க. "ஐயா, 40 பாக்கெட்தான் போட்டோம். மொத்த விற்பனை 2,400 ரூபாய். இதுதான் முதல் தடவை. புது லேபிள் அச்சடித்துவிட்டோம், இதோ" என்று கணக்கோடு சொல்லுங்க. அழுது காட்டுவதைவிட இதுதான் வேலைக்கு ஆகும். கூப்பிட்ட தேதிக்குப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு அபராதம் அதிகம் என்று புலம்பிப் பிரயோஜனம் இல்லை.

டி.ஆர்.ஓ. உத்தரவு ஏற்கும்படி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அபராதத்தைக் கட்டாமலே விட்டால் 96-வது பிரிவின்படி நிலவரிப் பாக்கி போல வசூலிப்பார்கள். கட்டும் வரை பதிவையும் நிறுத்தி வைப்பார்கள்.

நாலாம் படி, கோர்ட். பாதுகாப்பற்ற உணவு, அதாவது உடம்புக்குத் தீங்கு செய்யும் பொருள் என்று அறிக்கை வந்தால் வழக்கு கோர்ட்டுக்குப் போகும். அதில் பணம் கட்டி முடிக்கிற பேச்சுக்கு இடமில்லை. உடனே வக்கீல் வேண்டும். எந்தக் காலத்திலும் மிளகாய்ப் பொடியில் கலர் சேர்க்காதீங்க என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

மாதிரி எடுத்தால் என்ன கேட்கலாம்?

அதிகாரி மாதிரி எடுக்கும்போது பொருளின் விலையை நமக்குத் தர வேண்டும். சாட்சி வைத்து எடுத்து நாலு பாகமாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பாகம் நியமன அலுவலரிடம் இருக்கும். நாலாவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் என்று நாம் அப்போதே கேட்கலாம். அந்தப் பரிசோதனைச் செலவு மட்டும் நம்முடையது.

அறிக்கை பாதகமாக வந்தால் அது நம் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் மாதிரியை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அப்படிப்பட்ட ஒரு மேல் ஆய்வகம். அங்கே வரும் முடிவுதான் கடைசி. 30 நாள் தாண்டிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

"நம்மை மாதிரி சின்னவங்க சொன்னா எடுபடுமா?" என்று கேட்கலாம். 2015-ல் மேகி நூடுல்ஸ் விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஜூன் மாதம் அதை விற்கத் தடை போட்டார்கள். அந்தக் கம்பெனி பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனது. 2015 ஆகஸ்ட் 13-ல் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. கம்பெனியின் விளக்கத்தைச் சரியாகக் கேட்கவில்லை, பரிசோதித்த ஆய்வகங்களுக்குச் சட்டப்படியான அங்கீகாரம் இல்லை என்பவை முக்கியக் காரணங்கள். மறுபடி மூன்று ஆய்வகங்களில் பரிசோதிக்கச் சொன்னது, அதில் தேறியது. விளக்கம் சொல்லும் உரிமையும், சரியான ஆய்வகத்தில் மறுபரிசோதனை கேட்கும் உரிமையும் பணக்காரக் கம்பெனிக்கு மட்டும் எழுதி வைத்தது இல்லை. அதே சட்டத்தில் நமக்கும் அதே உரிமை உண்டு. கெடு தேதிக்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி செய்வதா, தீர்ப்பதா, எதிர்ப்பதா?

குழுக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்க.

தவறு உண்மையா? உண்மை என்றால் முதலில் தவறைச் சரிசெய்யுங்க. பிறகு தீர்த்துக்கொள்ள மனு கொடுங்க. சரிசெய்யாமல் பணம் மட்டும் கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

தவறு பாதி உண்மையா? எதை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்று தனித்தனியாக எழுதுங்க. தேதி அச்சாகவில்லை என்பது உண்மை, எடை குறைவு என்பது உண்மை இல்லை என்றால் அப்படியே எழுதுங்க. இரண்டுக்கும் பிரிவு வேறு, தொகை வேறு.

தவறே இல்லையா? ஆதாரத்தோடு மறுத்து எழுதுங்க. சட்ட உதவிக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற இலவச எண்ணில் பேசலாம். கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கும், சமாதானமாகத் தீர்க்கக் கூடிய பிரிவாக இருந்தால், லோக் அதாலத்தில் எடுத்து முடிக்க வாய்ப்பு இருக்கிறது.

பணத்தை யார் கட்டுவது?

குழுக்களில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். நோட்டீஸ் ஊக்குநர் பேரில் வந்தது, அதனால் அவரே கட்டட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இது நியாயம் இல்லை. சட்டமும் அப்படிப் பார்ப்பதில்லை. பல பேர் சேர்ந்து நடத்தும் தொழில் என்றால் அந்தக் கூட்டமைப்பையும், அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்தவர்களையும் இரண்டு சட்டங்களும் பொறுப்பாக்குகின்றன. லாபத்தில் எல்லோருக்கும் பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டு.

எனவே கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுங்க. தொழில் கணக்கில் வந்த லாபத்திலிருந்து கட்டுங்க. உறுப்பினர்களின் சேமிப்பையும் சுழல் நிதியையும் வங்கிக் கடன் தவணையையும் தொடாதீங்க. ஒருவரின் தனிப்பட்ட அலட்சியத்தால் வந்தது என்றால் அதையும் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்க, முதுகுக்குப் பின்னால் பேச வேண்டாம்.

கையில் பணம் கொடுக்காதீங்க

சட்டப்படி தீர்த்தால் அரசுக் கணக்கில் பணம் சேரும், ரசீதோ சலானோ கிடைக்கும், உத்தரவு நகல் கிடைக்கும். இந்த இரண்டு தாளும் இருந்தால்தான் அந்தத் தவறுக்கு மறுபடி யாரும் நம்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. இடைத்தரகர் கையில் கொடுத்த பணத்துக்குத் தாள் ஏது? வழக்கும் அப்படியே உயிரோடு இருக்கும். இன்னொன்று, 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கிவிட்டார்கள். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர்கள் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம்.

எல்லா அதிகாரியும் அப்படி இல்லை. விவரம் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நேரில் போய்க் கேளுங்க. தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்க.

மாதிரி மனு

எழுதத் தயங்குகிறவர்களுக்காக ஒரு மாதிரி தருகிறோம். கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளுங்க.

"ஐயா / அம்மா, தங்களின் ....... தேதியிட்ட ....... எண் நோட்டீஸ் எங்களுக்கு ....... அன்று கிடைத்தது. நாங்கள் ....... குழுவின் பேரில் ....... தயாரித்து விற்று வருகிறோம். நோட்டீஸில் கண்ட ....... குறை உண்மை. அதை ....... அன்று சரிசெய்துவிட்டோம். புதிய லேபிள் மாதிரியும் போட்டோவும் இணைத்துள்ளோம். இதற்கு முன் எங்கள் மீது இது போன்ற நடவடிக்கை எதுவும் இல்லை. இதனால் யாருக்கும் பாதிப்பு ஏற்படவில்லை. ஆகவே ....... சட்டம் ....... பிரிவின்படி இதை இணக்கமாகத் தீர்த்துக்கொள்ள அனுமதித்து, தொகையையும் செலுத்தும் முறையையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டு நகல் எடுங்க. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க. நேரில் போக முடியாவிட்டால் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்க. முன்பு நடவடிக்கை வந்திருந்தால் "எதுவும் இல்லை" என்று பொய் எழுத வேண்டாம். பதிவேட்டில் எல்லாம் இருக்கும்.

வராமல் தடுக்க

நோட்டீஸ் வருவதில் பெரும்பகுதி சின்ன விஷயத்துக்குத்தான். கீழே உள்ளதை உங்கள் பாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்க.

* தயாரிப்பவர் பெயர், முழு முகவரி. குழு பெயர் மட்டும் போதாது.
* பொருளின் பெயர். உணவு என்றால் என்னென்ன சேர்ந்தது என்ற பட்டியல், சைவக் குறி, பேட்ச் எண்.
* நிகர எடை. 'சுமார் 200 கிராம்' என்று போடக் கூடாது. ஆங்கிலத்தில் கிராமுக்கு 'ஜி' என்ற ஒரே எழுத்துத்தான். 'ஜி.எம்.எஸ்.' என்று அச்சடிப்பது தவறு.
* தயாரித்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம் என்ற தேதி.
* அதிகபட்ச விற்பனை விலை, 'அனைத்து வரிகளும் உட்பட' என்ற சொற்களோடு.
* ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற அலகு விலை. 200 கிராம் 60 ரூபாய் என்றால் கிராமுக்கு 30 காசு.
* புகார் சொல்லத் தொலைபேசி எண், முகவரி, மின்னஞ்சல்.
* உணவு என்றால் 14 இலக்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டப்படியான விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம், தமிழில் மட்டும் போட்டால் குறையாக எழுதுவார்கள். கவர் அச்சடிக்கக் கொடுக்கும் முன் இதைப் பாருங்க.

பாக்கெட் போடுகிறவர்கள் தொழில் தொடங்கிய 90 நாளுக்குள் 27-வது விதிப்படி எடையளவுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு முறை மறுமுத்திரை. எடைக்கற்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. முத்திரைச் சான்றைச் சுவரில் மாட்டி வையுங்க. கடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சரக்குக்கும் பில் போட்டு நகல் வையுங்க. நாளைக்கு அந்த நகல்தான் நமக்காகப் பேசும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்க. வாசித்து முடித்ததும் உங்கள் பாக்கெட் ஒன்றை நடுவில் வைத்து, மேலே உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்க. ஏதாவது குழுவுக்கு ஏற்கெனவே நோட்டீஸ் வந்து பீரோவில் இருந்தால், திட்டு விழும் என்று நினைக்காமல் எடுத்து வாங்க. கெடு தேதி தாண்டாமல் இருந்தால் சேர்ந்து பதில் எழுதுவோம். தாண்டியிருந்தாலும் இன்றைக்கே எழுதுவது நாளைக்கு எழுதுவதைவிட நல்லது.